மடிப்பு தவறிய புரதமும் தோட்டத்து மருந்தும்

மாணவர்களே, சிரம்பான், ரந்தாவ், லாபு, பகாவ் பக்கம் தோட்டத்தில் வேலை செய்த பாட்டி யாராவது உங்கள் உறவில் இருந்தால், "நீங்க மருந்து அடிச்சிருக்கீங்களா பாட்டி?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பலர் "ஆமாம்" என்பார்கள். அவர்கள் சொல்லும் மருந்து நோய்க்கானது அல்ல, களைக்கொல்லி. ரப்பர் மரத்தடியிலும் செம்பனையைச் சுற்றியும் முளைக்கும் களைகளை அழிக்க, மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்து வரிசை வரிசையாக நடந்து தெளித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் நம் தமிழ்ப் பெண்கள் ஏராளம்.

அந்தத் தொட்டியில் பல ஆண்டுகள் இருந்த ஒரு பொருளின் பெயர் பாராகுவாட். இன்று நம் நாட்டில் அதற்குத் தடை. அதற்கும் மூளைக்கும், குறிப்பாக மூளையில் உள்ள ஒரு சிறிய புரதத்துக்கும் என்ன தொடர்பு என்று அறிவியலாளர்கள் நாற்பது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அந்த ஆராய்ச்சியைப் புரிந்துகொள்ள, முதலில் புரதம் என்றால் என்னவென்று பார்ப்போம்.

மடித்தால்தான் புரதம்

புரதம் என்றதும் முட்டையும் பருப்பும் நினைவுக்கு வரும். ஆனால் உங்கள் உடலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் அமினோ அமிலங்கள் மணிபோலக் கோத்த ஒரு சங்கிலி. மணிகளில் 20 வகை உண்டு. எந்த மணி எந்த இடத்தில் வரவேண்டும் என்பதை மரபணு தீர்மானிக்கிறது.

சங்கிலி உருவானால் மட்டும் போதாது. அது சரியாக மடிய வேண்டும். திருவிழாவுக்குத் தென்னங்குருத்தோலையில் தோரணம் பின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஓலைதான், மடிக்கும் விதத்தில் கிளியாகும், பூவாகும். ஒரு மடிப்பு தவறினால் கிளி கிளியாக வராது. புரதமும் அப்படித்தான். அதன் வேலை அதன் வடிவத்தைப் பொறுத்தது.

மடிப்பு தவறுவது தினமும் நடக்கும். செல்லுக்குள் அதைச் சரிசெய்யும் துணைப் புரதங்களும், சரிசெய்ய முடியாததைத் துண்டாக்கி அகற்றும் ஏற்பாடுகளும் உண்டு. நம் தோல் செல்கள் அடிக்கடி புதுப்பிக்கப்படுகின்றன. மூளையின் நரம்புச் செல்கள் அப்படியல்ல. பெரும்பாலானவை பிறந்ததிலிருந்து சாகும்வரை நம்மோடு இருப்பவை. எழுபது வருடம் குடியிருக்கும் வீட்டில் குப்பை அள்ளுவது நின்றால் என்ன ஆகும்? அதுதான் அங்கும் நடக்கிறது.

குவியும் குப்பை

1906-ல் ஜெர்மனியின் அலாய்ஸ் ஆல்ஸைமர் என்ற மருத்துவர், ஞாபகமறதியால் அவதிப்பட்டு இறந்த ஒரு பெண்ணின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது இரண்டு வகைப் படிவுகளைக் கண்டதாக அறிவித்தார். செல்களுக்கு வெளியே இருந்த திட்டுகள் பீட்டா அமைலாய்டு என்ற புரதத் துண்டுகள், உள்ளே இருந்த சிக்கல்கள் டௌ என்ற புரதம் என்று பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தெரியவந்தது. அந்த நோய்தான் ஆல்ஸைமர் நோய்.

கைநடுக்கமும் நடைத்தளர்ச்சியும் கொண்ட இன்னொரு நோயை 1817-லேயே லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்திருந்தார். 1912-ல் ஃபிரடெரிக் லூயி அந்த நோயாளிகளின் மூளைச் செல்களுக்குள் உருண்டையான படிவுகளைக் கண்டார். அவை எதனால் ஆனவை என்று 85 ஆண்டுகள் யாருக்கும் தெரியாது. 1997-ல் விடை கிடைத்தது: ஆல்ஃபா சைனூக்ளின். 140 மணிகள் மட்டுமே கொண்ட சின்னஞ்சிறு புரதம். அதே ஆண்டில், பரம்பரையாகப் பார்க்கின்சன் நோய் வரும் ஓர் இத்தாலியக் குடும்பத்தில் அந்தச் சங்கிலியின் 53-ஆவது மணி மாறியிருப்பதும் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே ஒரு மணி!

இந்தப் புரதம் உருமாறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், நடுமூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்லச் சாகின்றன. கைகால் அசைவைச் சீராக்குவது டோபமின். நடுக்கம் வெளியே தெரியும் வேளையில் அந்தச் செல்களில் ஏறக்குறைய பாதி போயிருக்கும்.

பிழை எதிர்த்திசையிலும் போகும்

புரதக் கோளாறு என்றால் செல் சாவது மட்டும்தானா? இல்லை. சாகவேண்டிய செல்லைச் சாகவிடாமல் செய்யும் கோளாறும் உண்டு. அதுதான் மூளைக்கட்டியின் கதை.

நம் செல்களில் பி53 என்ற காவல் புரதம் இருக்கிறது. செல்லின் மரபணு சேதமடைந்தால் அது செல் பிரிவதை நிறுத்தும், தேவைப்பட்டால் செல்லையே அழித்துவிடும். பல மூளைக்கட்டிகளில் இந்தக் காவலரே பழுதாகிவிடுகிறார். 2008-ல் இன்னொரு பிழை தெரியவந்தது. ஐ.டி.எச்.1 என்ற நொதியின் 132-ஆவது மணி மாறினால், அது தன் வழக்கமான வேலையை விட்டுவிட்டு வேறொரு பொருளைத் தயாரிக்கிறது. அந்தப் பொருள் குவிந்து, செல் முதிர்ச்சி அடையாமல் பெருகிக்கொண்டே போக வழிசெய்கிறது. இந்த மாறிய நொதியைத் தடுக்கும் வோராசிடெனிப் என்ற மாத்திரைக்கு 2024-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எந்த மணி மாறியது என்று தெரிந்ததால்தான் அதற்குப் பொருத்தமான மருந்தைத் தேட முடிந்தது.

இனி அடுத்த கேள்வி. மரபணுவில் பிழையோடு பிறக்காதவருக்கும் பார்க்கின்சன் நோய் வருகிறதே, அது எப்படி? நோயாளிகளில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள்தான்.

கலிஃபோர்னியாவில் கிடைத்த துப்பு

1982-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இளவயதினர் சிலர் திடீரென உடல் விறைத்து, பேசவும் அசையவும் முடியாத நிலையில் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். முதியவர்களின் நோயான பார்க்கின்சன் அவர்களைத் தாக்கியது போலிருந்தது. வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் துருவி ஆராய்ந்தார். அவர்கள் எல்லாரும் கள்ளத்தனமாகத் தயாரித்த ஒரு போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள். அதில் எம்.பி.டி.பி. என்ற கலப்படம் இருந்தது. மூளைக்குள் போனதும் அது எம்.பி.பி. பிளஸ் என்ற நஞ்சாக மாறி, டோபமின் செல்களைத் தேடிப்பிடித்துக் கொன்றிருக்கிறது.

வெளியிலிருந்து வரும் ஒரு வேதிப்பொருளாலும் இந்த நிலை ஏற்படலாம் என்பது அப்போது உறுதியானது. எம்.பி.பி. பிளஸின் மூலக்கூறு வடிவத்தைப் பார்த்த வேதியியலாளர்களுக்கு உடனே வேறொன்று நினைவுக்கு வந்தது. அது உலகம் முழுக்க வயல்களிலும் தோட்டங்களிலும் தெளித்துக்கொண்டிருந்த பாராகுவாட்!

பச்சையை மட்டும் எரிக்கும் நஞ்சு

பாராகுவாட்டை 1962-ல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தோட்டக்காரர்களுக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை. வெயிலில் தெளித்தால் சில மணி நேரத்தில் களை கருகும். பச்சைப் பகுதியை மட்டுமே தாக்கும், மரத்தின் பட்டையைத் தொடாது. மண்ணில் பட்டதும் களிமண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அது எப்படிக் கொல்கிறது? ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரான்கள் கைமாறுவதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். பாராகுவாட் நடுவில் புகுந்து அந்த எலக்ட்ரானைத் திருடி ஆக்சிஜனிடம் கொடுக்கிறது. அந்த ஆக்சிஜன் வெறிபிடித்ததுபோல் அக்கம்பக்கத்தில் இருப்பதையெல்லாம் சிதைக்கிறது. பாராகுவாட்டோ தேயாமல் மீண்டும் திருடப் போகிறது. மனித உடலுக்குள்ளும் இதே வேலைதான். அதிக அளவில் உள்ளே போனால் நுரையீரல் கெட்டுச் சாவு நேரும். அதற்கு மாற்று மருந்து கிடையாது.

எம்.பி.பி. பிளஸும் பாராகுவாட்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தாலும் செயல்படும் விதம் வேறு என்று பின்னர் தெரிந்தது. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. பாராகுவாட் கலந்தால் ஆல்ஃபா சைனூக்ளின் இழைகள் விரைவாக உருவாவதைச் சோதனைக்குழாயில் கண்டார்கள். 2002-ல் வெளியான ஆய்வில், பாராகுவாட் செலுத்திய எலிகளின் மூளையில் அந்தப் புரதம் கூடியதோடு, ஒட்டிக்கொண்டு படிவுகளாகவும் மாறியிருந்தது.

மனிதரிடம்? 2011-ல் அமெரிக்க விவசாயிகளிடையே நடந்த ஆய்வில், பார்க்கின்சன் நோயாளிகள் 110 பேரையும் நோயில்லாத 358 பேரையும் ஒப்பிட்டார்கள். பாராகுவாட் பயன்படுத்தியவர்களுக்கு நோய் வாய்ப்பு சுமார் 2.5 மடங்கு. ஆனால் 2020-ல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வில் மொத்தமாகப் பார்த்தபோது அந்தத் தொடர்பு அவ்வளவு தெளிவாக இல்லை. தலையில் அடிபட்டவர்களிடம்தான் அபாயம் கூடுதலாகத் தெரிந்தது. ஆகவே 'சந்தேகத்துக்கு வலுவான காரணம் உண்டு, வாதம் இன்னும் முடியவில்லை' என்பதே நேர்மையான பதில்.

நிப்பாவைப் போல் எளிதல்ல

நெகிரி செம்பிலானுக்கு மூளைநோய் புதிதல்ல. 1998, 1999-ல் பரவிய நிப்பா வைரஸின் பெயரே போர்ட்டிக்சன் மாவட்டத்தின் சுங்கை நிப்பா கிராமத்திலிருந்து வந்ததுதான். அங்கே நோய் வேகமாகத் தாக்கியது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் 1999 மார்ச்சில் வைரஸையே பிடித்துக் காட்டினார். குற்றவாளி கையும் களவுமாக அகப்பட்டுக்கொண்டது.

புரதக் குவியல் அப்படியல்ல. முப்பது வயதில் தெளித்த மருந்து எழுபது வயதில் நடுக்கமாக வந்தால், இடையில் நாற்பது ஆண்டுகள். தோட்டம் விற்கப்பட்டிருக்கும், வேலைப் பதிவேடு இருக்காது, லயன் வீடுகள் இடிக்கப்பட்டிருக்கும். எந்த மருந்தை எத்தனை நாள் தெளித்தார் என்பதற்கு அந்தப் பாட்டியின் நினைவுதான் மிச்சம். அதனால்தான் ஒருவருக்கு வந்த நோயைக் காட்டி 'இதனால்தான் வந்தது' என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

ஆனால் மூளைநோய் நிரூபணம் ஆகும்வரை காத்திருக்கத் தேவையே இருக்கவில்லை. நகம் உதிர்வது, மூக்கில் இரத்தம் கசிவது, தோல் புண்ணாவது போன்ற பாதிப்புகள் அப்போதே கண்ணுக்குத் தெரிந்தன. ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையில் இயங்கிய தெனாகானித்தா அமைப்பு, தோட்டத்தில் மருந்தடித்த பெண்களின் நிலையை ஆராய்ந்து 2002-ல் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மலேசியா பாராகுவாட்டைக் கைவிட முடிவெடுத்தது. 2006-ல் அந்தத் தடை தளர்ந்தது. இறுதியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத்தடை வந்தது. சுவீடன் 1983-லும் சுவிட்சர்லாந்து 1989-லும் இதைத் தடை செய்துவிட்டன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நம் பாட்டிமார் எத்தனை ஆண்டுகள் கூடுதலாகத் தெளித்தார்கள் என்பது புரியும்.

அதே தோட்டத்தில் ஒரு கொடி

இப்போது செம்பனைத் தோட்டங்களில் தரையை மூடிப் படரும் மூக்குனா பிராக்டியாட்டா என்ற கொடியைப் பார்த்திருப்பீர்கள். இந்தியாவிலிருந்து வந்த மூடுபயிர் அது. வெயில் தரையில் விழாமல் மறைத்து, களை முளைப்பதைக் குறைக்கிறது. மருந்தடிக்கும் தேவையும் அதனால் குறைகிறது. நம் ஊர்ப் பூனைக்காலிக்கு அது நெருங்கிய உறவு. இரண்டிலும் லெவோடோபா என்ற பொருள் உண்டு. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மருத்துவர்கள் மாத்திரையாகக் கொடுப்பதும் இதே லெவோடோபாதான். மூளைக்குள் போய் டோபமினாக மாறி அசைவை எளிதாக்கும். ஆனால் ஒட்டிக்கொண்ட புரதத்தை அது பிரிக்காது, செல் சாவதையும் நிறுத்தாது. அதற்கான மருந்தைத் தேடும் பணி இன்னும் தொடர்கிறது. கொடியைப் பறித்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அளவு தெரியாத லெவோடோபா ஆபத்து.

நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. வீட்டில் முதியவருக்குச் சும்மா இருக்கும்போதே கை நடுங்குகிறதா, நடை சுருங்குகிறதா, கையெழுத்து சிறுத்துப்போகிறதா, குழம்பு வாசனை தெரியவில்லை என்கிறாரா? "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் அல்ல, ஆனால் எது என்று மருத்துவர்தான் சொல்ல முடியும். அவர் தோட்டத்தில் மருந்தடித்தவர் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் இன்றும் யாராவது களைக்கொல்லி தெளிக்கும் வேலையில் இருந்தால், கையுறையும் முகக்கவசமும் அணியச் சொல்லுங்கள். வேலை உடுப்பை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவையுங்கள். ஒரு மருந்துக்குத் தடை வந்ததால் மற்ற மருந்துகள் தண்ணீராகிவிடாது.

எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், என்ன மருந்து என்று பாட்டி சொல்வதை ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளைப் பற்றி அறிவியல் கேட்கும் கேள்விக்கு, அந்தப் பக்கங்கள்தான் நாளை பதிலாக இருக்கும்.