உங்களுக்குத் தெரியுமா? மடிக்கணினிக்குள் இரண்டு இயங்குதளங்கள்

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பொள்ளாச்சியிலும் பல்லடத்திலும் அரசுப் பள்ளி மாணாக்கர் பெற்ற கணினிகளில், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே, மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தார் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது.

• பாஸுக்கு ஆதாரம், 1993-இல் தோன்றிய டெபியன் என்னும் லினக்ஸ். உபுண்டு என்னும் லினக்ஸும் அதே வம்சம். ஆகையால், பாஸில் ‘ஆப்ட்’ கட்டளையைக் கொண்டு மென்பொருள் நிறுவப் பழகிய மாணாக்கர் உபுண்டுவுக்கு மாறினாலும், அந்த அப்பியாசம் ஒரு சிறிதும் வீணாகாது. கற்கத் தொடங்குவோர்க்கு டெபியன் வழிவந்தவையே உசிதம் என்று நாம் கருதுவது இதனாலேதான்.

• உபுண்டுவைப் பென்டிரைவில் ஏற்றி, ஹார்டு டிஸ்கில் நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம்.