பெயர்ப்பலகையும் பதிவெண்ணும்

கணிப்பொறியில் ஒரு நிரல் ஓடுவதற்கு அந்நிரல் மட்டும் இருந்தால் போதாது. அதற்குத் துணையான கோப்புகள் யாவும் சரியான பதிப்பில் உடனிருக்க வேண்டும். வீட்டில் ஓடிய நிரல் ஆய்வகத்தில் ஓட மறுப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். 2013ஆம் ஆண்டு வெளிவந்த டாக்கர் என்னும் மென்பொருள், இவை அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுக்கும் முறையைப் பரவலாக்கியது. அம்மூட்டைக்கு இமேஜ் என்று பெயர். அதை ஓடவிட்டால் அது கன்டெய்னர்.

மூட்டைக்கு முகவரி வேண்டுமல்லவா? கிடங்கின் முகவரி, உரிமையாளர் பெயர், இமேஜின் பெயர், முக்காற்புள்ளிக்குப் பின் ஒரு டேக் – இவ்வளவும் சேர்ந்ததே முழுப்பெயர். நாம் 'போஸ்ட்கிரெஸ்' என்று மட்டும் எழுதினால் மீதியை டாக்கரே நிரப்பிக்கொள்ளும். கிடங்கு டாக்கர் ஹப், டேக் 'லேட்டஸ்ட்'. இந்தக் கடைசிச் சொல்லில்தான் நான் ஏமாந்தேன்.

எங்கள் துறை நூலகத்தில் யார் யார் எந்நூலை எடுத்துச் சென்றனர் என்ற கணக்கை, நானும் நண்பர் இருவரும் போஸ்ட்கிரெஸில் பதிந்து வந்தோம். டேக் எதுவும் எழுதவில்லை. 2024 அக்டோபரில் வட்டில் இடம் போதவில்லை என்று பழைய இமேஜ்களை நீக்கினேன். மறுமுறை ஓடவிட்டபோது புதிய இமேஜ் இறங்கியது. தரவுத்தளம் எழவே இல்லை. கோப்புகள் 16ஆம் பதிப்பில் உருவானவை, இது 17ஆம் பதிப்பு, இரண்டும் பொருந்தா என்று திரையில் ஒரு செய்தி. செப்டம்பர் இறுதியில்தான் 17 வெளிவந்திருந்தது. மறுநாள் பேராசிரியரிடம் திட்டப்பணியைக் காட்ட வேண்டும். அன்றிரவு உணவு இறங்கியதா என்று கேளாதீர்கள்!

டேக் என்பது பேருந்தின் பெயர்ப்பலகை போன்றது. இன்று ஒரு வண்டியில் மாட்டிய பலகையை நாளை வேறொரு வண்டியில் மாட்டலாம். 'லேட்டஸ்ட்' என்பதும் அத்தகைய பலகையே. எது புதியது என்று டாக்கர் ஆராய்ந்து பார்ப்பதில்லை. மூன்றாம் பதிப்பை அதற்குரிய எண்ணோடு மட்டும் ஏற்றிவிட்டு, இரண்டாம் பதிப்பின் திருத்தத்தை ஒருவர் டேக் இன்றி ஏற்றினால், அந்தப் பழையதே 'லேட்டஸ்ட்' ஆகிவிடும். எண் எழுதினாலும் கவனம் தேவை. 'பைத்தான்:3.12' என்பது திருத்தம் வரும்போதெல்லாம் நகரும், '3.12.4' என்பது அவ்வளவாக நகராது. ஆனால் அதையும் அடிப்படைக் கோப்புகளைப் புதுப்பித்து மீண்டும் கட்டி ஏற்றுவதுண்டு.

நகரவே நகராதது டைஜஸ்ட் ஒன்றுதான். இமேஜின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும் 64 எழுத்து நீளமுள்ள குறியீடு அது. ஒரு பைட் மாறினாலும் குறியீடு மாறிவிடும். பேருந்தின் பதிவெண் என்று சொல்லலாம். பதிவெண் தகட்டையாவது கழற்றி மாற்றலாம், இதை அதுவும் இயலாது. டைஜஸ்டை எழுதிவிட்டால் பாதுகாப்புத் திருத்தங்களும் தாமாக வந்து சேரா என்பது உண்மை. அவற்றை நாமே பார்த்து மாற்றும் தொல்லை, நள்ளிரவுத் திகைப்பைவிட எனக்கு மேலாகத் தோன்றுகிறது.

அன்றிரவு எங்கள் தரவு அழியவில்லை. கோப்பில் 'போஸ்ட்கிரெஸ்:16.4' என்று எழுதியதும் தரவுத்தளம் எழுந்துகொண்டது. 412 நூல்களின் கணக்கும் அப்படியே இருந்தது. பருவத் தேர்வு முடிந்த பின் தரவை முறைப்படி வெளியே எடுத்து 17இல் ஏற்றினோம். அரைமணி நேர வேலைதான்.