பகைவனும் நம்பிய பாதிரியார்

பெங்களூரிலிருந்து மைசூருக்கு ரெயிலில் போகிறவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கடந்துதான் போகவேண்டும். காவிரி இரண்டாகப் பிரிந்து ஓட, நடுவே தீவாக நிற்கும் ஊர். பழைய கோட்டைக்குள் புகுந்தே ரெயில் பாதை செல்கிறது. "இதுதான் ஹைதர் அலி இருந்த இடம். திப்பு சுல்தான் இறந்த இடம்" என்று பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டு போவோம்.

இதே ஊருக்கு 1779-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். வயது 52. உடுத்தியிருந்தது சாதாரணக் கறுப்பு அங்கி. பின்னால் படை இல்லை. அரசருக்குக் கொடுக்க விலை உயர்ந்த காணிக்கையும் இல்லை. ஆனால் ஹைதர் அலி அவரைத் தம் அருகே உட்காரவைத்துப் பேசினார்.

அவர் பெயர் கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அன்போடு "சுவார்ட்ஸ் ஐயர்" என்று அழைக்கும் பாதிரியார்.

ஒரு கிறிஸ்தவன் நாணயமாக வாழ்வது என்றால் என்ன? தன் மதத்தைச் சேராதவரை மதிப்பது என்றால் என்ன? புத்தகத்தில் தேடவேண்டாம். இவருடைய வாழ்க்கையைப் பார்த்தாலே போதும்.

ஊரை விட்டு வந்தவர்

சுவார்ட்ஸ் 1726-ல் பிரஷ்ய நாட்டில் சோனன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. ஹாலே நகரில் படித்தபோதே தமிழ் கற்கத் தொடங்கினார். 1750-ல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். நான்கே மாதங்களில் தமிழில் பிரசங்கம் செய்தார். பிறகு திருச்சி. அதன்பின் தஞ்சாவூர்.

வந்தவர் வந்தவர்தான். சுமார் 48 ஆண்டுகள் இங்கேயே இருந்தார். ஒருமுறைகூடப் பிறந்த ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. தமிழ் தவிர மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி, போர்ச்சுகீசியம் ஆகிய மொழிகளிலும் பேசினார்.

திருச்சியில் அவர் வாழ்ந்த விதத்தை, நேரில் கண்ட ஆங்கிலேயர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஆண்டுக்கு 48 பவுன் வருமானம். கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அறை. நம் ஊர் முறையில் சமைத்த சோறும் காய்கறியும்தான் சாப்பாடு.

அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரர்களில் பலர் வந்ததே பணம் சேர்க்கத்தான். நவாபுக்கும் ராஜாவுக்கும் கடன் கொடுத்து வட்டி வாங்கினார்கள். அன்பளிப்பு என்ற பெயரில் லஞ்சம் வாங்கினார்கள். சில ஆண்டுகளில் சீமான்களாகக் கப்பல் ஏறினார்கள். அவர்களும் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

இதனால் மக்கள் மனதில் என்ன எண்ணம் இருந்தது என்பதற்குச் சுவார்ட்சே ஒரு சம்பவத்தைக் குறித்து வைத்திருக்கிறார். ஒருநாள் நட்டுவனார் ஒருவரையும் அவரிடம் நாட்டியம் கற்ற பெண்ணையும் சந்தித்தபோது, தீயவர்கள் மோட்சத்துக்குப் போக முடியாது என்று அவர் சொன்னார். உடனே அந்தப் பெண், அப்படியானால் வெள்ளைக்காரர்களில் அநேகமாக ஒருவரும் அங்கே போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள்!

சுவார்ட்ஸ் இதை மறைக்கவில்லை. தம் இனத்துக்கு விழுந்த சவுக்கடியைத் தாமே எழுதி வைத்தார்.

தூது போகச் சொன்னார்கள்

1779-ல் சென்னை கவர்னராக இருந்தவர் சர் தாமஸ் ரம்போல்டு. ஹைதர் அலிக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் உறவு கெட்டுப்போயிருந்த நேரம் அது.

ஹைதரின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. 1769-ல் இரு தரப்பும் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒருவரைப் பகைவர் தாக்கினால் மற்றவர் உதவவேண்டும் என்பது அதில் ஒரு ஷரத்து. ஆனால் மராட்டியர்கள் மைசூர் மீது படையெடுத்தபோது கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டது. 1779 மார்ச்சில், ஹைதரின் பாதுகாப்பில் இருந்த பிரெஞ்சுக்காரர்களின் மாஹேயையும் கம்பெனி பிடித்துக்கொண்டது.

கம்பெனி ஆட்களின் பேச்சையும் கையெழுத்தையும் ஹைதர் நம்பவில்லை. "அந்தப் பாதிரியாரை அனுப்புங்கள். அவர் என்னை ஏமாற்றமாட்டார்" என்ற பொருளில் அவர் சொன்னதாகக் கூறப்படுகிறது.

ஹைதர் முஸ்லிம். சுவார்ட்ஸ் கிறிஸ்தவப் பாதிரியார். ஹைதரின் பகைவர்கள் ஆளும் பகுதியில் வாழ்பவர். ஆனாலும் நம்பிக்கை பிறந்தது.

கவர்னர் கேட்டபோது சுவார்ட்ஸ் தயங்கினார். அரசியல் தூது பாதிரியார் வேலை அல்லவே! ஆனால் போரைத் தடுக்க முடியுமானால் அது நல்ல காரியம் என்று எண்ணி ஒப்புக்கொண்டார். ஒன்றில் மட்டும் உறுதியாக இருந்தார். யாரிடமிருந்தும் பரிசு என்று எதையும் கை நீட்டி வாங்குவதில்லை.

கரூர் அன்று ஹைதரின் எல்லை. அங்கே அனுமதிக்காக ஒரு மாதம் காத்திருந்தார். பிறகு மலைக்கணவாய் வழியாக ஏறி ஸ்ரீரங்கப்பட்டணம் வந்தார்.

அரசரும் குமாஸ்தாக்களும்

ஹைதரின் தர்பாரில் கண்டதைச் சுவார்ட்ஸ் விவரமாக எழுதியிருக்கிறார். ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஞாபகசக்தி அபாரம். வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னல் வேகத்தில் நடக்கும். ஒரு குமாஸ்தாவிடம் கடிதத்துக்கான விஷயத்தைச் சொல்வார். எழுதியவர் படித்துக் காட்டவேண்டும். பிறகு இன்னொருவரை அழைத்து அதையே மறுபடி படிக்கச் சொல்வார். சொன்னதை விட்டு எழுதியது சிறிது விலகியிருந்தாலும் எழுதியவரின் தலை தப்பாது!

இன்றைய குமாஸ்தாக்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஹைதரின் நிர்வாகத் திறமையைப் பார்த்து சுவார்ட்ஸ் வியந்தார். அவருடைய அதிகாரிகள் சவுக்கடிக்கு நடுங்கியதையும் எழுதினார். தம் தரப்புக்கு எதிரி என்பதற்காகத் திறமையை மறைக்கவும் இல்லை. தம்மை உபசரித்தவர் என்பதற்காகக் கொடுமையை மறைக்கவும் இல்லை. ஒருவரைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்வதும் அவருக்குச் செய்யும் மரியாதைதான்.

ஹைதரின் படையில் ஐரோப்பியக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குச் சுவார்ட்ஸ் ஆராதனை நடத்தினார். ஹைதர் தடுக்கவில்லை.

முந்நூறு ரூபாய் முடிப்பு

விடைபெறும் நேரம் வந்தது. வழிச்செலவுக்கு என்று 300 ரூபாய் கொண்ட பணமுடிப்பை ஹைதர் கொடுத்து அனுப்பினார். சுவார்ட்ஸ் வேண்டாம் என்றார். அதைத் திரும்பக் கொண்டுபோனால் தங்களுக்கு ஆபத்து என்று அரண்மனை ஆட்கள் கலங்கினார்கள். அவர்களுக்காக வாங்கிக்கொண்டார்.

சென்னைக்கு வந்ததும் அந்தப் பணத்தை அப்படியே சர்க்காரிடம் நீட்டினார். அது உங்களுக்கே என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் தொடங்க அதையே முதல் நிதியாக வைத்தார்.

யாரும் கணக்குக் கேட்காத பணம் அது. கேட்காத பணத்துக்கும் கணக்குச் சொன்னார்.

நல்ல பெயரைக் கடன் வாங்கியவர்கள்

தூது வெற்றி பெற்றதா? இல்லை. சமாதானமே நோக்கம் என்று சுவார்ட்சைச் சொல்லவைத்த கம்பெனி, அந்தச் சொல்லுக்கு ஏற்ப நடக்கவில்லை. 1780 ஜூலையில் ஹைதர் பெரும் படையோடு கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். ஊர்கள் எரிந்தன.

இங்கேதான் நாம் நின்று யோசிக்கவேண்டும். நேர்மையானவனின் பெயரை மற்றவர்கள் தங்கள் காரியத்துக்குக் கடன் வாங்குவது உண்டு. "நீங்கள் சொன்னால் நம்புவார்கள்" என்று நம்மை முன்னே தள்ளிவிட்டுப் பின்னால் வேறு வேலை செய்வார்கள். சுவார்ட்சுக்கும் அதுதான் நேர்ந்தது.

ஆனால் ஹைதர் ஆளை எடைபோடத் தெரிந்தவர். அனுப்பியவர்கள் மேல் இருந்த கோபத்தை வந்தவர் மேல் காட்டவில்லை. போர் நடக்கும்போதே, அந்தப் பாதிரியாரை எங்கும் தடுக்கக்கூடாது, மரியாதையாக நடத்தவேண்டும் என்று தம் படைக்கு உத்தரவிட்டார்.

வெற்றுக் காகிதம்

போர் தஞ்சைக்கும் வந்தது. வயல்கள் பாழாயின. பஞ்சம் தலைவிரித்து ஆடியது. தஞ்சைக் கோட்டைக்குள் பட்டினிச் சாவு. வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. அதைக் கொண்டுவர மாடுகள் வேண்டும். மக்களோ மாடு கொடுக்க மறுத்தார்கள். முன்பு கொடுத்ததற்குக் கூலியே வரவில்லை. யாரை நம்பிக் கொடுப்பது?

அப்போது தஞ்சை மன்னர் துளஜாஜி மனம் திறந்து ஓர் உண்மையைச் சொன்னார். நாமும் கம்பெனியாரும் மக்களிடம் நாணயத்தை இழந்துவிட்டோம், சுவார்ட்சையாவது நம்புகிறார்களா பார்ப்போம் என்றார். எதையும் எழுதிக்கொள்ளலாம் என்று வெற்றுக் காகிதத்தை அவருக்கு அனுப்பினார்.

சுவார்ட்ஸ் நாலா பக்கமும் கடிதம் எழுதினார். பகைவர் கையில் சிக்கும் ஒவ்வொரு மாட்டுக்கும் என் கையால் விலை தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். ஓரிரு நாட்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. 80 ஆயிரம் கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. கோட்டை பிழைத்தது. எல்லாம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் பணத்தைத் தீர்த்து அனுப்பினார்.

போருக்குப் பின் இன்னொன்றும் நடந்தது. அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் உழவர்கள் ஊரை விட்டே போயிருந்தார்கள். அரசர் அழைத்தும் வரவில்லை. சுவார்ட்ஸ் அவர்களுக்கு உறுதி கொடுத்தார். ஏழாயிரம் பேர் திரும்பி வந்தார்கள். சாகுபடிப் பருவம் கடந்திருந்தும் இரவு பகல் பார்க்காமல் உழைத்தார்கள்.

ஊரை விட்டுப் பிழைக்க வந்த நமக்கு இதன் அருமை தெரியும். மனிதன் சோறு இல்லாமல் மட்டும் ஊரை விடுவதில்லை. சொல்லை நம்ப முடியாத இடத்தையும் விட்டுப் போகிறான்.

தவறைத் திருத்தியவர்

சுவார்ட்ஸ் தவறே செய்யாதவர் அல்லர். 1787-ல் மரணப்படுக்கையில் இருந்த துளஜாஜி, தாம் சுவீகாரம் எடுத்த பத்து வயதுச் சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்சிடம் ஒப்படைக்க விரும்பினார். தம்மால் அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது என்று சொல்லி, மன்னரின் தம்பி அமர்சிங்கிடம் ஒப்படைக்கும்படி ஆலோசனை கூறினார். துளஜாஜி இறந்ததும் சுவீகாரம் செல்லாது என்று பண்டிதர்கள் தீர்ப்புச் சொல்ல, அமர்சிங்கே அரசரானார். சுவார்ட்சும் அதை ஏற்றுக்கொண்டார்.

பின்னால்தான் உண்மை தெரிந்தது. பையனுக்குப் படிப்பு இல்லை. வெளிச்சம் இல்லாத இடத்தில் அடைத்துவைத்திருந்தார்கள். சுவார்ட்ஸ் சும்மா இருக்கவில்லை. கம்பெனிக்கு மேலும் மேலும் எழுதினார். 1793-ல் சரபோஜி பத்திரமாகச் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். சுவீகாரம் செல்லும் என்று மறு விசாரணையில் முடிவாகி, 1798-ல் தஞ்சை அரியணையில் அமர்ந்தார்.

அந்தக் காட்சியைக் காணச் சுவார்ட்ஸ் உயிரோடு இல்லை. 1798 பிப்ரவரி 13-ந்தேதி தஞ்சையில் காலமானார். அடக்கத்துக்கு முன் சரபோஜி வந்து உடலைப் பார்த்துக் கண்ணீர் விட்டு, பொன்னாடை போர்த்தினார்.

சரபோஜி கடைசி வரை இந்துவாகவே வாழ்ந்தார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்த மன்னர் அவர்தான். தம்மை அண்டி நின்ற அரசகுமாரன் மீது சுவார்ட்ஸ் தம் மதத்தைத் திணிக்கவில்லை. அவர் மீது கொண்ட அன்பால் சரபோஜி, லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல் நினைவுச்சின்னம் செய்யச் சொன்னார். தஞ்சை சிவகங்கைத் தோட்டத்தை அடுத்த சுவார்ட்ஸ் ஆலயத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். மரணப்படுக்கையில் இருக்கும் பாதிரியாரின் கையை இந்து அரசர் பிடித்திருக்கிறார்.

நமக்கு என்ன?

சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள் என்ற நிலை வராதபடி பேசவேண்டும் என்பது இயேசுநாதரின் மலைப்பிரசங்கத்தில் உள்ள போதனை. மற்றவரை மதிப்பதில் முந்திக்கொள்ளுங்கள் என்று பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதினார். சுவார்ட்ஸ் இவை இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. மாட்டுக்காரனுக்குக் கூலியைத் தீர்த்ததில் இரண்டும் இருந்தன.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்குச் சொத்து எது? இங்கே நம் அப்பாவை யாருக்கும் தெரியாது. ஊரில் நம் வீடு எந்தத் தெரு என்று யாரும் கேட்கப்போவதில்லை. வீட்டுக்காரருக்குக் கொடுத்த வாக்கு, சீட்டுப் பணம் கட்டும் தேதி, ஆபீசில் எழுதும் கணக்கு, பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரின் பண்டிகைக்குக் காட்டும் மரியாதை, இவைதான் நம் ஜாமீன்.

அடுத்த முறை ரெயில் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கடக்கும்போது, ஹைதரையும் திப்புவையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 300 ரூபாய் முடிப்போடு இங்கிருந்து திரும்பி, அதைச் சர்க்காரிடம் நீட்டிய அந்தக் கறுப்பு அங்கிக்காரரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.