பரியாரியாருக்குப் படகைக் கூப்பிடவும் தெரிந்திருக்க வேண்டும்

அனலைதீவுக்குப் பாலம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்தால் ஊர்காவற்றுறை வரைக்கும் வாகனத்தில் போகலாம். இன்னொரு பாலத்தால் புங்குடுதீவுக்குப் போய் குறிகட்டுவானை அடையலாம். அதற்கப்பால் அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு எல்லாவற்றுக்கும் படகுதான். அனலைதீவில் பிரதேச வைத்தியசாலை ஒன்று இருக்கிறது. ஆனால் பெரிய சத்திரசிகிச்சைக்கும் தீவிர சிகிச்சைக்கும் யாழ் போதனா வைத்தியசாலைக்கே வர வேண்டும். சோளகக் காற்று எழும்பிய நாட்களில் பகல் பயணமே பெரும்பாடு. இரவில் ஒரு நோயாளியைக் கொண்டுவருவது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும் என்கிறார்கள். (வடபுல முஸ்லிம்களுக்கு 1990 என்றதும் வேறொரு விடயம்தான் முதலில் ஞாபகம் வரும், அது இருக்கட்டும்.) அந்த அம்புலன்ஸ் கடலில் ஓடாது.

இங்கிலிஷ் மருந்தா, நாட்டு மருந்தா, ஹிஜாமாவா என்று எமது சமூகத்தில் ஓயாமல் நடக்கும் விவாதத்தை இந்தத் தீவில் வைத்துப் பார்த்தால் அதில் பாதி உதிர்ந்துவிடும். கொழும்பில் இருப்பவர் காலையில் யுனானி ஹக்கீமையும் மாலையில் விசேட வைத்தியரையும் பார்க்கலாம். தீவில் இருப்பவருக்கு அருகில் யார் இருக்கிறாரோ அவர்தான் வைத்தியர். அவர் பரம்பரைப் பரியாரியாராக இருக்கலாம், முறிவு நெரிவு கட்டுபவராக இருக்கலாம், சித்த மருத்துவப் பட்டதாரியாக இருக்கலாம். அவருக்கு என்ன கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி. கற்பிட்டிக் களப்பின் தீவுகளில் வாழும் எமது மீனவக் குடும்பங்களுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

சுதேச வைத்தியத்தை ஆதரிப்பவர்கள் 1978ஆம் ஆண்டின் அல்மா ஆட்டா பிரகடனத்தை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். ஆரம்ப சுகாதார சேவையில் பாரம்பரிய வைத்தியர்களுக்கும் இடமுண்டு என்று அது சொன்னது உண்மை. ஆனால் அதே வரியில் இன்னொன்றும் இருக்கிறது. அவர்கள் ஒரு சுகாதாரக் குழுவாக வேலை செய்யத் தக்க பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதே அது. முதல் பாதியை எல்லோரும் சொல்கிறார்கள், இரண்டாம் பாதியை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை.

குழுவாக வேலை செய்வது என்றால் என்ன என்பதற்குப் பாம்புக்கடியை விட நல்ல உதாரணம் இல்லை. வடக்கில் நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் எல்லாம் உண்டு. விஷகடி வைத்தியர்களுக்கும் நீண்ட பாரம்பரியம் உண்டு. அவர்களிடம் போனவர்களில் பலர் பிழைத்திருக்கிறார்கள், அதனால்தான் நம்பிக்கை வளர்ந்தது. ஆனால் பிழைத்தவர்களில் பெரும் பகுதியினரைக் கடித்தது நஞ்சில்லாத பாம்பு, அல்லது நஞ்சுள்ள பாம்பு கடித்தும் நஞ்சு இறங்கவில்லை. இது தெரியாவிட்டால் வைத்தியரும் தன் மருந்துதான் காப்பாற்றியது என்று நம்பிவிடுவார். உண்மையாகவே நஞ்சு இறங்கியவர் வரும் நாளில் அந்த நம்பிக்கை ஓர் உயிரை வாங்கிவிடும்.

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கிறது. கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ இருக்காது. விடியும்போது வயிற்று வலி என்பார், கண் இமை தானாகச் சரியும், பிறகு மூச்சு நிற்கும். இதைக் கண்டுபிடிக்க இயந்திரம் தேவையில்லை, இமையைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் போதும். கண்ணாடி விரியனின் நஞ்சு இரத்தம் உறைவதைக் கெடுக்கிறது. அதற்குச் சின்ன வைத்தியசாலையிலும் செய்யக்கூடிய ஒரு பரிசோதனை இருக்கிறது: நாளத்திலிருந்து எடுத்த இரண்டு மில்லிலீற்றர் இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சரித்துப் பார்ப்பது. உறையாமல் ஓடினால் எதிர்நஞ்சு தேவை. குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ சவர்க்காரத் தூளால் கழுவியிருந்தாலோ முடிவு பிழைத்துவிடும்.

எதிர்நஞ்சை வீட்டில் வைத்து ஏற்ற முடியாது. கடும் ஒவ்வாமை வரக்கூடும், அட்ரினலின் ஊசி கையில் இருக்க வேண்டும். ஆகவே விஷகடி வைத்தியர் செய்ய வேண்டியது என்ன? பாம்பை அடையாளம் காண்பதில் அவருக்கு இருக்கும் அறிவு பெரியது, அதை வைத்தியசாலைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். கடித்த அவயவத்தை அசையாமல் கட்டையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கயிறு கட்டக் கூடாது. குடும்பத்தைப் பதறவிடாமல் வைத்திருந்து படகைக் கூப்பிட வேண்டும். ஊர் மக்கள் அவர் சொல்லைக் கேட்பார்கள். வைத்தியசாலையிலிருந்து வரும் புதிய வைத்தியர் சொல்வதை விட அவர் சொல்வதைத்தான் விரைவில் கேட்பார்கள்.

அடுத்தது மருந்து. மூலிகை என்றால் தீங்கில்லை என்ற எண்ணம் எம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. விஷகடிக்கென்றே நாட்டு வைத்தியத்தில் பெயர்பெற்ற ஈஸ்வரமூலியை எடுத்துக்கொள்வோம். அந்தக் குடும்பத்துச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைப்பதற்காகச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. தேடிப் பார்த்தபோது ஒரு மூலிகைக்குப் பதிலாக இந்தக் குடும்பத்துச் செடி கலந்திருந்தது தெரியவந்தது. பின்னர் அவர்களில் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நூற்றாண்டுகளாகப் பாவித்த செடியாயிற்றே என்று கேட்கலாம். மருந்து குடித்துப் பல மாதங்கள், வருடங்கள் கழித்து வரும் சிறுநீரக நோயை அந்த மருந்தோடு எந்தப் பரியாரியாராலும் தனியாக இணைத்துப் பார்த்திருக்க முடியாது. அதற்கு இரத்தப் பரிசோதனையும் பதிவேடும் வேண்டும்.

சலரோகக்காரர் விடயமும் இப்படித்தான். வைத்தியசாலை மாத்திரையோடு பாகற்காய்ச் சாறும் சூரணமும் சேர்த்து எடுப்பவர்கள் ஏராளம். இரண்டு பக்கத்திலும் அதைச் சொல்வதில்லை, சொன்னால் ஏசுவார்கள் என்ற பயம். சீனி அளவு திடீரென்று இறங்கி மயங்கி விழுந்தால் காரணம் எவருக்கும் தெரியாது. அதைவிட மோசமானது, நாட்டு மருந்தை நம்பி இன்சுலினை நிறுத்துவது. ‘வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள்?’ என்று ஏசாமல் கேட்பதற்கு இரு தரப்பு வைத்தியர்களுக்கும் பயிற்சி வேண்டும். எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்த நாட்டில் அடிப்படை இல்லாமல் இல்லை. 1929இல் கொழும்பில் தொடங்கிய சுதேச மருத்துவக் கல்லூரியில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றுக்கும் இடம் இருந்தது. இன்று இராஜகிரியவில் யுனானி படிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் எமது பிள்ளைகள். யாழ் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வி 1980களிலிருந்து நடக்கிறது, கைதடியில் அதற்கான வைத்தியசாலை இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் வைத்தியர்களைப் பதிவு செய்யவும் வழி வகுத்தது. இந்தப் பட்டதாரிகள் உடற்கூறும் உடற்றொழிலியலும் படித்துத்தான் வெளியே வருகிறார்கள். படித்து முடித்தவர்கள் வேலை கேட்டு வீதியில் நின்ற செய்திகளையும் பார்த்திருக்கிறோம். ஒரு பக்கம் தீவுகளுக்கு வைத்தியர் இல்லை, மறுபக்கம் படித்தவர்களுக்கு வேலை இல்லை. இரண்டு துறைகளும் தனித்தனிக் கட்டடத்தில் தனித்தனிக் கோப்புகளோடு இயங்கும் வரை இந்த முடிச்சு அவிழாது. ஒரு சித்த வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டோடு போன நோயாளியிடம் வெளிநோயாளர் பிரிவில் அந்தத் துண்டை வாங்கிப் படிக்கிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

மருத்துவத்தை யாருக்கு, எந்த மொழியில் கற்பிப்பது என்ற கேள்வி யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்து மானிப்பாயில் இளைஞர்களுக்கு மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். படித்தவர்களில் பலர் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரை விட்டுப் போய்விட்டார்கள். 1862இல் திரும்பி வந்த பிறகு தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார், அதற்காக மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். ஊரிலேயே தங்கக்கூடிய வைத்தியரை உருவாக்குவதும் அவருடைய நோக்கங்களில் ஒன்று. போர்க்காலத்திலும் வடக்கின் ஒதுக்குப்புற வைத்தியசாலைகளைத் தாங்கிப் பிடித்தவர்களில் பலர் எம்.பி.பி.எஸ். இல்லாத, பதிவுபெற்ற உதவி வைத்தியர்களே. குறுகிய பயிற்சி, தெளிவான எல்லை, எல்லை தாண்டினால் மேலே அனுப்புவது என்ற முறையில் அவர்கள் வேலை செய்தார்கள்.

குறுகிய பயிற்சி தவறாகப் போகவும் கூடும். களுபோவில வைத்தியசாலையில் டொக்டர் அன்டன் ஜயசூரிய 1970களில் தொடங்கிய அக்குபங்சர் சிகிச்சைப் பிரிவு ஓர் அரச வைத்தியசாலைக்குள்ளேயே, சாதாரண மக்களுக்கு இலவசமாக இயங்கியது. உலகெங்கிலுமிருந்து மாணவர்கள் அங்கே வந்து பழகினார்கள். நோயாளி ஒரே கூரையின் கீழ் இரண்டு சிகிச்சையும் பெறலாம் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி. ஆனால் அவர் நிறுவிய திறந்த சர்வதேசப் பல்கலைக்கழகம் வழங்கிய கலாநிதிப் பட்டங்கள் பெரும் சர்ச்சைக்குள்ளாயின. சிகிச்சை நிலையம் கற்பித்தது வேறு, சுவரில் மாட்டும் சான்றிதழ் வேறு.

எமது சமூகத்தில் இன்று ஹிஜாமாவுக்கு நடப்பதும் அதுதான். இரண்டு நாள் வகுப்பு, ஒரு சான்றிதழ், முகநூலில் விளம்பரம். சுன்னத் என்ற சொல்லை விளம்பரத்தில் போட்டவுடன் கேள்வி கேட்கும் வாய் மூடிக்கொள்கிறது. ஆனால் மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு நபிமொழி பதிவாகியிருக்கிறது. அதன் மீது பிக்ஹு அறிஞர்கள் இழப்பீட்டுச் சட்டமே வகுத்தார்கள். தோலைக் கீறி இரத்தம் எடுக்கும் எந்தச் சிகிச்சையிலும் ஹெப்படைட்டிஸ் பி, சி பரவும் ஆபத்து உண்டு. பிளேடு ஒருவருக்கு ஒன்று என்பதோடு முடியாது, கோப்பையும் அப்படியே, பாவித்த கூர்ப்பொருளை எங்கே போடுகிறார் என்பதும் அப்படியே. வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு, இரத்தச் சோகை உள்ளவருக்கு, சலரோகக் காலில் புண் உள்ளவருக்குக் கீறலாமா என்று முடிவெடுக்க அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோள்பட்டை வலி என்று வந்தவருக்கு வியர்த்துக் கொட்டினால் அது மாரடைப்பாக இருக்கலாம் என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்குப் பல வருடப் படிப்பு தேவையில்லை. தீவகத்துப் பரியாரியார்களையும் சித்த வைத்தியர்களையும் ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைக்கு மாதத்தில் ஒரு நாள் அழைத்து, அவர்கள் அனுப்பிய நோயாளிகளுக்கு என்ன நடந்தது என்று உட்கார்ந்து பேசலாம். கைதடி மாணவர்கள் உள்ளகப் பயிற்சியில் சில வாரங்களை அனலைதீவிலும் நெடுந்தீவிலும் கழிக்கலாம். எந்தெந்த அறிகுறிக்கு மருந்து கொடுக்காமல் உடனே படகேற்ற வேண்டும் என்று தமிழில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கலாம். நெஞ்சுவலி, இமைச் சரிவு, தோலைக் கிழித்து வெளியே தெரியும் எலும்பு, கட்டிய பிறகு மரத்துக் குளிரும் விரல், கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு, பால் குடிக்காத குழந்தை. எமது பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஹிஜாமா முகாமுக்கு மண்டபம் கொடுக்கும் முன்பு, வருபவரின் பதிவு இலக்கத்தையும், அவசரம் என்றால் எந்த வைத்தியசாலைக்கு யாரோடு பேசி அனுப்புவார் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கலாம். அதைக் கொடுக்க முடியாதவருக்கு மண்டபத்தைக் கொடுக்க வேண்டாம்.