வாப்பாவின் காணியைப் பங்கிடும்போது

கல்முனைப் பகுதியில் வாப்பா மௌத்தானதும் எல்லாக் காணிகளையும் ஒன்றாகக் கூட்டிப் பங்குபோட முற்படுவதைக் காண்கிறோம். பிணக்குகள் பல இங்கேதான் தொடங்குகின்றன. முதலில் காணிகளை மூன்றாகப் பிரிப்போம்.

சீதன வீடு: மகளின் பெயரில் உறுதி முடித்துக் கொடுத்திருந்தால் அது அவளுடையது, பங்குக்கு வராது. ஆனால் 2004 சுனாமியின் பின் கிடைத்த வீடுகள் பல கணவரின் பெயரில் பதியப்பட்டன. அவ்வாறாயின், அவர் காலமானதும் தன் சீதன வீட்டை இழந்த மனைவிக்குப் புதிய வீட்டில் ஒரு பங்கே கிடைக்கும். உறுதியில் யார் பெயர் உள்ளதென இப்போதே பாருங்கள்.

உறுதிக் காணி: மரண சாசனம் இல்லாவிடின், 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி மார்க்கப் பங்கீடே செல்லும். கடனும் அடக்கச் செலவும் தீர்த்தபின் 8 ஏக்கர் வயல் எஞ்சியதென்போம். வாரிசுகள் மனைவி, 2 ஆண்மக்கள், 3 பெண்மக்கள் மட்டுமே. மனைவிக்கு எட்டிலொன்று, 1 ஏக்கர். மீதி 7 ஏக்கரில் மகனுக்கு 2, மகளுக்கு 1 வீதம் சேரும். இறந்தவரின் பெற்றோர் உயிருடனிருந்தால் கணக்கு மாறும்.

பெர்மிட் காணி: 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெற்ற காணி இக்கணக்கில் அடங்காது. பின்னுரித்தாளர் பெயரைப் பதிய வேண்டும். பதியாவிடத்து முன்பு மகன்மாரே முந்தினர். 2022இல் வந்த திருத்தம் அந்த ஆண்-பெண் வேறுபாட்டை நீக்கியது.

இடப்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்தவர்கள் உறுதிக்குக் காணிப் பதிவகத்திலும், பெர்மிட்டுக்குப் பிரதேச செயலகத்திலும் விசாரிக்கலாம். வேறூரில் முகாமிலிருக்கும் சகோதரியையும் அழைத்துப் பேசிய பின்னரே கையொப்பமிடுவோம்.