பழைய டிராக்டரில் வால்வுகளுக்கு எண்ணெய் ஏறாமை

திருப்பாச்சூர் வட்டாரத்தில் சம்பா நடவுக்குச் சேற்றுழவு நடைபெறும் நாட்களில் டிராக்டர் ஒரு வாரம் நின்றுவிட்டால், நாற்றங்காலில் நாற்று முதிர்ந்துபோகும். வாடகைக்கு வேறு வண்டி பிடிப்பதும் அச்சமயத்தில் எளிதன்று. பழைய டிராக்டர்கள் இவ்வாறு நிற்பதற்குப் பலமுறை காரணமாயிருப்பது, இஞ்சினின் தலைப்பாகத்துக்கு எண்ணெய் ஏறாமையே.

1960-ம் வருஷம் சென்னையில் டாபே கம்பெனி ஏற்பட்ட பின்னர் இம்மாகாணத்தில் மாசி பெர்குசன் வகை டிராக்டர்கள் பெருகின. அவற்றுக்குரிய பெர்க்கின்ஸ் அமைப்பிலான மூன்று சிலிண்டர் டீசல் இஞ்சின்களைச் செம்பியத்தில் சிம்சன் கம்பெனியார் செய்தனர். 1917-ல் வெளிவந்த பழைய போர்ட்சன் டிராக்டரில் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் இருந்தமையால், தெறிக்கும் எண்ணெயே அதற்குப் போதியதாயிருந்தது. வால்வுகள் தலைமேல் அமைந்த இஞ்சினிலோ எண்ணெய் மேலே ஏறியாக வேண்டும். பம்பு தள்ளும் எண்ணெய் முதலில் கிராங்க் பேரிங்குகளையும் காம் ஷாப்டையும் நனைத்து, பிறகு ஒரு சிறு துவாரத்தின் வழியே ராக்கர் ஷாப்டை அடைகிறது. ஷாப்டு உள்ளே குழலாயிருப்பதால், ஒவ்வொரு ராக்கருக்கும் அதனின்றும் எண்ணெய் கசிகிறது. கடைசியில் இருப்பவனுக்குக் கால்வாய்த் தண்ணீர் எட்டாத கதைதான் இங்கும் நேருகிறது.

இதில் பலர் ஏமாறுவது ஒன்று உண்டு. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் சரியாக நிற்கும், தலைப்பாகம் வறண்டிருக்கும். முள் காட்டுவது கீழுள்ள பெருவாய்க்காலின் அழுத்தமேயன்றி ராக்கரின் நிலையன்று. ஆகையால் காதையே நம்பவேண்டும். கிராங்க் ஷாப்டு இருமுறை சுழலும்போது ஒவ்வொரு வால்வும் ஒருமுறையே திறக்குமாதலால், வால்வின் ‘டிக் டிக்’ ஓசை இஞ்சின் வேகத்தில் பாதியாகக் கேட்கும். டேப்பட் இடைவெளியைச் சரிசெய்தும் சில நாட்களில் அவ்வோசை திரும்புமாயின், தேய்மானம் எண்ணெயின்மையால் வந்தது என்று சந்தேகிக்கலாம்.

பரீட்சை எளிது. இஞ்சின் சூடான பின் ராக்கர் மூடியைக் கழற்றி, மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். மேல்துண்டும் வேட்டித் தலைப்பும் விசிறி பெல்டில் சிக்காதபடி ஜாக்கிரதையாயிருப்பது அவசியம். இரண்டொரு நிமிஷத்தில் ஒவ்வொரு ராக்கரிலும் எண்ணெய் மெல்லக் கசியும். அது பீச்சியடிக்க வேண்டுமென்று எதிர்பார்த்தல் தவறு. ஒரு ராக்கர் மட்டும் வறண்டிருந்தால் அதன் துவாரம் அடைபட்டிருக்கும். எல்லாம் வறண்டிருந்தால், கீழிருந்து வரும் வழியே அடைபட்டிருக்கலாம். ஷாப்டைத் திருப்பிப் பூட்டியிருக்கலாம். அல்லது தலையைக் கழற்றிப் பூட்டியபோது பொருந்தாத கேஸ்கெட் துவாரத்தை மூடியிருக்கலாம். சமீபத்தில் மராமத்து நடந்த வண்டியானால் பின்னிரண்டையும் முதலில் பார்ப்பதே சிக்கனம்.

ராக்கர் ஷாப்டைக் கழற்றுமுன் அது நின்ற நிலையை அடையாளமிட்டுக் கொள்ள வேண்டும். ஸ்பிரிங்குகள் அழுத்துவதால் நட்டுகளைச் சிறிது சிறிதாகச் சமமாகத் தளர்த்துக. ஷாப்டின் முனையடைப்புகளை எடுத்து, உட்குழலை டீசலால் கழுவி, மெல்லிய கம்பியாலும் காற்றாலும் துவாரங்களைத் திறக்கலாம். துவாரத்தைப் பெரிதாகத் துளைப்பது கூடாது. மேலே எண்ணெய் மிகுந்தால் கீழே பேரிங்குகளுக்கு அழுத்தம் குறைந்துபோகும். வெளியே தனிக் குழாய் வைத்து எண்ணெய் ஏற்றும் யுக்தியும் அத்தகையதே. மேலும், தேய்ந்த வால்வு கைடுகள் வழியே அவ்வெண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கி நீலப்புகை தரும். பூட்டிய பின், இஞ்சின் குளிர்ந்திருக்கையில் 0.30 மி.மீ. இடைவெளி வைக்கவேண்டும், சூடாயிருக்கையில் 0.25 மி.மீ. இவ்வளவு இம்மூன்று சிலிண்டர் இஞ்சினுக்கு மட்டுமே உரியது.

அடைப்புக்கு மூலம் பெரும்பாலும் சம்பில் சேர்ந்த கசடு. நெடுநாள் கவனியாத இஞ்சினில் திடீரென்று அழுக்கு நீக்கும் புதிய எண்ணெயை ஊற்றினால், இளகிய கசடே சிறு துவாரங்களை அடைக்கக்கூடும். முதலில் சம்பை இறக்கி வலையைச் சுத்தம் செய்வதும், புதிய வடிகட்டி போடுவதும், முதல் எண்ணெயைச் சீக்கிரமே மாற்றுவதும் நலம்.

கொட்டகையில் மாதக்கணக்கில் நின்ற வண்டிக்கு இன்னொரு முறையும் உண்டு. மூடியைத் திறந்து ராக்கர்கள்மீது கையாலேயே எண்ணெய் ஊற்றி, நிறுத்தும் குமிழை இழுத்துப் பிடித்தபடியே, அழுத்த முள் எழும்வரை ஸ்டார்ட்டரைச் சிறுகச் சிறுக இடைவிட்டுச் சுழற்றி, அதன் பின்னரே இஞ்சினை ஓடவிட வேண்டும்.