'சீக்குக்கோழி'ன்னு ஒதுக்கிடாதீங்க... நோய் என்னன்னு கோழியே காட்டிக்கொடுக்கும்!

"ஏன் இப்படி சீக்குக்கோழி மாதிரி உட்கார்ந்திருக்க?" இந்தத் திட்டை வாங்காமல் வளர்ந்த பிள்ளைகள் நம் ஊரில் குறைவு. றெக்கையைத் தொங்கப்போட்டு, கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு மூலையில் நிற்கும் கோழியைப் பார்த்திருந்தால் அந்த உவமை எவ்வளவு பொருத்தம் என்பது புரியும்.

ஆனால், அந்த 'சீக்கு' என்ற ஒற்றை வார்த்தைதான் பல கோழிகளின் உயிருக்கு எமனாகவும் இருக்கிறது. வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் தோட்டத்தில் நாலு கோழி மேயாத வீடு அபூர்வம். அதில் ஒன்று பிள்ளைகளின் செல்லமாக, பெயர் வைத்துக் கூப்பிட்டால் ஓடி வருவதாக இருக்கும். அது ஒரு நாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியும் வெளியே வரவில்லை என்றால், "சீக்கு வந்துடுச்சு... இனி தேறாது" என்பதுதான் பெரியவர்களின் முதல் தீர்ப்பு. சில வீடுகளில் அன்று மதியமே குழம்பு கொதித்துவிடும். இரண்டுமே அவசர முடிவுகள்!

எல்லா நோயும் ஏன் ஒரே மாதிரி தெரிகிறது?

கோழி, பருந்துக்கும் கீரிக்கும் இரையாகும் பறவை. பலவீனத்தை வெளியே காட்டினால் ஆபத்து என்பதால், முடிந்தவரை நோயை மறைத்துக்கொண்டே மேயும். நம் கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். அப்போது வைரஸ் காய்ச்சலாக இருந்தாலும், வயிற்றுப் புழுவாக இருந்தாலும், முட்டை அடைத்துக்கொண்டிருந்தாலும் அது ஒரே மாதிரிதான் தூங்கி வழியும்.

அதேசமயம், சுருண்டு உட்கார்ந்திருக்கும் கோழியெல்லாம் நோயாளியும் அல்ல. அடைக்கு உட்கார்ந்த கோழியும் இரையைக் குறைத்துக்கொண்டு, இறகை உப்பிக்கொண்டு, அசையாமல் கிடக்கும். கிட்டே போனால் சீறிக் கொத்தவந்தால் அது அடைக்கோழி. தூக்கினாலும் துவண்டு கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

என்ன நோய் என்று தெரிவதற்கு முன்பே செய்யக்கூடிய விஷயங்கள் மூன்று.

முதலாவது, தனிமை. மற்ற கோழிகளிடமிருந்து பிரித்து, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியிலோ கூடையிலோ வைக்கோல் அல்லது உமி பரப்பி வையுங்கள். ஆரோக்கியமான கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகு, கடைசியாக நோயாளியிடம் போங்கள். பிறகு கைகளை சோப்பு போட்டுக் கழுவுங்கள். கிருமி கூடு விட்டுக் கூடு பாய்வது பெரும்பாலும் நம் கையிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டுதான்.

இரண்டாவது, கதகதப்பு. கோழியின் இயல்பான உடல் வெப்பம் 105 முதல் 107 டிகிரி ஃபாரன்ஹீட். நம் உடம்பைவிட அதிகம். இரை எடுக்காத கோழியால் அந்தச் சூட்டைத் தக்கவைக்க முடியாது. பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் குண்டு பல்பு எரியட்டும். சூடு அதிகமானால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். சித்திரை வெயிலில் பல்பு தேவையில்லை, நிழல்தான் தேவை.

மூன்றாவது, தண்ணீர். பலர் தவறு செய்வது இங்கேதான். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். கோழியின் மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஊற்றும் தண்ணீர் அதற்குள் போனால், நோய் கொல்வதற்கு முன் நாம் கொன்றுவிடுவோம். அலகின் நுனியைத் தண்ணீரில் மெல்லத் தொடவையுங்கள், அல்லது அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, அது விழுங்கும்வரை காத்திருங்கள். குடிக்க ஆரம்பித்த பிறகு தவிடு கலந்த குழைந்த சோறு, வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு, பொடியாக நறுக்கிய கீரை என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

ஒரு நோட்டு எடுங்கள்... எழுதுங்கள்!

கால்நடை மருத்துவரிடம் கோழியைக் கொண்டுபோனால், "எத்தனை நாளா இப்படி இருக்கு? எச்சம் எப்படிப் போகுது?" என்றுதான் முதலில் கேட்பார். பாதிப் பேருக்கு பதில் தெரியாது. மொபைலிலேயே குறித்துக்கொள்ளுங்கள், போட்டோவும் வீடியோவும் எடுங்கள்.

- எச்சம்: பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர் போலப் போனால் வெள்ளைக்கழிச்சல் சந்தேகம். ரத்தம் கலந்திருந்தால் ரத்தக் கழிச்சலாக இருக்கலாம்.
- இரைப்பை: கழுத்தின் அடியில், நெஞ்சுக்கு மேலே இருக்கும் பை. இரவு நிறைந்திருந்து, விடியற்காலையில் காலியாகியிருக்க வேண்டும். விடிந்தும் கல் போலவோ, தண்ணீர்ப் பை போலவோ இருந்தால் அங்கே அடைப்பு இருக்கிறது.
- கொண்டை: வெளிறிப்போனால் ரத்தச்சோகை, புழு, பேன், உண்ணி. கறுத்து நீலம் பாய்ந்தால் உடனடி ஆபத்து. கொப்புளம் கட்டினால் அம்மை.
- நிற்கும் விதம்: முட்டையிடும் பருவக் கோழி வாலைத் தாழ்த்தி, நிமிர்ந்து நின்று முக்கிக்கொண்டிருந்தால் முட்டை அடைத்திருக்கலாம். இது சில மணி நேரங்களில் முடிவு செய்ய வேண்டிய விஷயம்.
- மார்பெலும்பு: விரலால் தடவும்போது கத்தி முனை போலக் குத்தினால், கோழி பல நாள்களாகவே இளைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நோய் நேற்று வந்ததல்ல.
- மேய்ந்த இடம்: பாகூர் பக்கம் வீட்டை ஒட்டியே நெல் வயல். மருந்து அடித்த வயலிலோ, மருந்தில் நேர்த்தி செய்த விதையைக் கொட்டிய இடத்திலோ மேய்ந்ததா? உடம்பு நடுங்கி, எச்சில் ஒழுகினால் விஷம். எந்த மருந்து அடித்தார்கள் என்று கேட்டு, பெயரோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கால் இழுக்குது, கழுத்து திருகுது... புதிரே இங்குதான்!

வீட்டில் வளர்ப்பவர்களை அதிகம் குழப்புவது இந்த அறிகுறிகள்தான். ஒரு கோழி நடக்க முடியாமல் விழுகிறது என்றால், காரணங்கள் வரிசை கட்டி நிற்கும்.

ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக்கொண்டு கிடந்தால் 'மேரக்ஸ்' என்ற நரம்பு நோயாக இருக்கலாம். 1907-ல் ஹங்கேரி நாட்டு கால்நடை மருத்துவர் ஜோசப் மேரக், வாதம் வந்த 4 சேவல்களைப் பார்த்து முதன்முதலில் இதை விவரித்தார். இளம் கோழிகளில்தான் அதிகம் வரும். குஞ்சின் கால் விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டால் வைட்டமின் பி2 குறைபாடு. கழுத்து துணி போலத் தொங்கினால், அழுகிய இறைச்சியையோ அதில் நெளியும் புழுவையோ தின்றதால் ஏறிய நஞ்சாக இருக்கலாம். கழுத்து முறுக்கிக்கொண்டால் வெள்ளைக்கழிச்சலின் பின்விளைவு. தலை பின்னால் வளைந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் வைட்டமின் பி1 குறைபாட்டையும் யோசிக்க வேண்டும். பி1 குறைதான் காரணம் என்றால், அந்த வைட்டமின் உள்ளே போன சில மணி நேரங்களிலேயே கோழி தேற ஆரம்பிக்கும்.

இந்த பி1 கதை சுவாரஸ்யமானது. மனிதர்களின் பெரிய நோய் ஒன்றுக்கு விடை கிடைத்ததே சில சீக்குக்கோழிகளால்தான்!

நோபல் பரிசு வரை போன கோழிகள்

டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த ஜாவா தீவில், 'பெரிபெரி' நோயால் சிப்பாய்களும் கைதிகளும் கால் மரத்து, நடக்க முடியாமல் செத்துக்கொண்டிருந்தார்கள். கிருமிதான் காரணம் என்று நினைத்து, படாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) ஆராய்ந்துகொண்டிருந்தார் மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன். திடீரென்று அவரது ஆய்வகக் கோழிகளும் கால் தள்ளாடி விழ ஆரம்பித்தன. கிருமி தேடினார், கிடைக்கவில்லை. இடம் மாற்றினார், பயனில்லை. பிறகு, எந்த மருந்தும் இல்லாமல் கோழிகள் தானாகவே எழுந்து நடந்தன.

என்னதான் நடந்தது? தீனிக் கணக்கைப் புரட்டியதும் விடை கிடைத்தது. செலவை மிச்சப்படுத்த, ஆய்வக உதவியாளர் ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் இருந்து தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றை வாங்கிவந்து போட்டிருக்கிறார். ஜூன் 17-ல் தொடங்கி நவம்பர் 27 வரை அதுதான் தீனி. நோய் தொடங்கியது ஜூலை 10. நடுவில் சமையல்காரர் மாறினார். "ராணுவத்துச் சோறு சிவிலியன் கோழிக்கா?" என்று புதியவர் மறுத்துவிட, கோழிகள் பழைய தீனிக்குத் திரும்பின. நவம்பர் கடைசியில் நோய் போயே போச்சு!

தீட்டும்போது போய்விடும் தவிட்டில்தான் விஷயம் இருக்கிறது என்று புரிந்தது. தவிட்டில் இருந்து கிடைத்த அந்தப் பொருளைத்தான் இன்று வைட்டமின் பி1 என்கிறோம். ஐக்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் குன்னூரிலும் 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆராய்ச்சிக்காக ஒரே ஓர் அறையில் ஆய்வகம் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

தோட்டத்தில் மேய்ந்து, புழு பூச்சி, புல் பூண்டு தின்னும் கோழிக்கு இந்தக் குறை லேசில் வராது. ஆனால், மாடியில் கூண்டுக்குள் அடைத்து, மிஞ்சிய வெள்ளைச் சோறு மட்டுமே போட்டு வளர்க்கும் செல்லக் கோழிக்கு வரலாம். எனவே, என்ன தீனி, எப்போது மாற்றினீர்கள் என்பதும் உங்கள் நோட்டில் இருக்கட்டும்.

வெள்ளைக்கழிச்சல்: மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு

1920-களின் கடைசியில் இன்றைய உத்தரகாண்டின் ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால், இந்தியாவில் இதற்கு 'ராணிக்கேத் நோய்' என்றே பெயர். இது வைரஸ் நோய். தடுப்பூசி போடாத கோழிகளிடையே நுழைந்தால், சில நாள்களில் கூடே காலியாகிவிடும். குணப்படுத்தும் மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது.

சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, சின்ன வெங்காயம், பூண்டு அரைத்துக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. கொடுப்பதில் தவறில்லை. ஆனால், அதை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடக் கூடாது.

பொதுவாக, 7-வது நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, 4-வது வாரத்தில் மறுபடியும் ஒன்று, 8-வது வாரத்தில் ஊசி என்பது முறை. நாட்டுக்கோழிகளுக்காகவே, தீனி போலக் கொத்தித் தின்னும் குருணை வடிவத் தடுப்பு மருந்தை தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. ஒரு குப்பியில் பல கோழிகளுக்கான மருந்து இருக்கும். கலக்கினால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒரே ஒரு கோழிக்காக யாரும் உடைக்க மாட்டார்கள். தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து, ஒரே நாளில் கோழிகளைப் பிடித்துவைத்தால் வேலை முடிந்தது. பக்கத்து வீட்டுக் கோழிக்கு வந்தால் உங்கள் செல்லத்துக்கும் வரும் என்பதால், இது பொதுக்காரியம். ஏற்கெனவே நோய் கண்ட கோழிக்குத் தடுப்பூசி போடக் கூடாது. சந்தையில் வாங்கிய புதுக் கோழியை இரண்டு மூன்று வாரங்கள் தனியே வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் விடுங்கள்.

நடக்க முடியாத கோழியைக் காப்பாற்ற முடியுமா?

கண்ணில் தெளிவு இருந்து, ஊட்டினால் விழுங்குகிறது என்றால் முயற்சி செய்யலாம். பழைய துண்டைச் சுருட்டி வளையமாக்கி, நடுவில் நெஞ்சு தாங்கும்படி உட்காரவையுங்கள். ஒரே பக்கம் கிடந்தால் புண் வரும், அவ்வப்போது திருப்பி வையுங்கள். பின்பக்கம் எச்சம் ஒட்டினால் வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஈ மொய்க்கவிட்டால் புழு வைத்துவிடும். வெள்ளைக்கழிச்சலில் பிழைத்த கோழி, கழுத்து கோணலோடே வாழ்வதும் உண்டு. அதற்கு அகலமான தட்டில் தீனி வைத்தால் போதும்.

வீட்டில் மிஞ்சிய காய்ச்சல் மாத்திரை, பிள்ளைக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப் எதையும் கொடுக்காதீர்கள். மருத்துவர் மருந்து கொடுத்தால், எத்தனை நாள்களுக்கு முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் இறங்காமல், மூச்சுத்திணறலோடு கிடந்தால், வலியில்லாமல் விடைகொடுக்கவும் மருத்துவரிடம் வழி உண்டு. பிள்ளைகளிடம், "ஊருக்கு அனுப்பிட்டோம்" என்று பொய் சொல்லாமல் உள்ளதைச் சொல்லுங்கள். அவர்களும்தானே ராத்திரியெல்லாம் கூடையருகே உட்கார்ந்திருந்தார்கள்?

கடைசியாக, ஒரு முக்கிய விஷயம்

நோய் கண்ட கோழியை அறுத்துச் சமைக்காதீர்கள், மலிவு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். பறவைக் காய்ச்சல் மனிதருக்கும் தொற்றக்கூடியது. அறுப்பதும் இறகு பறிப்பதும்தான் அதிக ஆபத்து. பல கோழிகள் திடீரெனச் செத்தாலோ, தலை வீங்கி கொண்டை நீலமானாலோ, தொடாமல் கால்நடை பராமரிப்புத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் இறங்கும் ஊசுடு ஏரி, பாகூர் ஏரியை ஒட்டி இருப்பவர்கள், கோழிக்கு வைக்கும் தண்ணீரையும் தீனியையும் மூடிய இடத்தில் வைப்பது நல்லது.

பறவைக் காய்ச்சல் அறிகுறி இல்லாமல் ஒரே ஒரு கோழி செத்திருந்தாலும், காரணம் தெரிந்தால் மற்றவற்றைக் காப்பாற்றலாம். குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்திலோ, உங்கள் பகுதி கால்நடை மருந்தகத்திலோ பிரேதப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். கையுறை போட்டு, இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, சுற்றிலும் ஐஸ் வைத்து, அன்றே கொண்டுபோக வேண்டும். முடியாவிட்டால் ஆழமாகக் குழிதோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். வாய்க்காலிலோ புதரிலோ வீசினால், நாயும் காக்கையும் இழுத்துப்போய் அடுத்த தெருவுக்கும் நோயைக் கொடுத்துவிடும்.

நாளை காலை பஞ்சாரத்தைத் தூக்கும்போது இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். எது முதலில் ஓடிவருகிறது, எது பின்தங்குகிறது என்று தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒரு நாள் முன்னதாகவே நோய் தெரிந்துவிடும். கோழி விஷயத்தில், அந்த ஒரு நாள் ரொம்பப் பெரியது!